ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்டவர்கள்

போன இதழில், இத்தாலியில் முதன்முதலாக ஒயின் குடித்த கதையை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கெமிஸ்டாக இருந்த காலத்தில் மெஷின் பார்க்க அனுப்பினார்கள். சான்டா குரோச்சே என்று பீசாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர், ஊர் முழுக்க நம்ம ராணிப்பேட்டை வாசனை. மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் சிவப்பாக வைத்தார்கள், நான் பழரசம் என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன், மேஜையே சிரித்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் வேறு, ‘இந்தத் தடவை கேள்வி பதில் முழுக்க அதுவே இருக்கட்டும்’ என்றுவிட்டார். திட்டி வந்த கடிதங்களையும் படித்தேன். குடிக்காதவரைக் குடிக்க வைக்க இதில் ஒரு வரிகூட இல்லை, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டலாம்.

சத்துவாச்சாரி வாசகர்: எங்கே திரும்பினாலும் ஒயின் ஷாப் என்கிறார்கள். உள்ளே போய் ஒயின் இருக்கா என்று கேட்டால் ‘எந்த ஊருப்பா நீ’ என்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஏன் சார்?

பேருக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லாத கடை அது. 2003க்கு முன்னால் தனியார் நடத்தியபோது ‘இன்னார் ஒயின்ஸ்’ என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்த வருடம் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போனது, போர்டு மாறியது, நம் வாய் மாறவில்லை. உள்ளே ஓடுவது பிராந்தியும் ரம்மும் பீரும்தான். அங்கே ஒயின் கேட்பது மிலிட்டரி ஓட்டலில் மோர்க்குழம்பு கேட்பது மாதிரி. டாஸ்மாக்கே நடத்தும் எலைட் கடைகளில் சில பாட்டில்கள் இருக்கும், அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

என்ன பார்ப்பது? முதலில் சூடு. பிராந்தி பாட்டிலை வெயிலில் வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஒயின் அப்படி இல்லை, அது பால் மாதிரி நோஞ்சான். ஒருமுறை சென்னையில் நல்ல பாட்டில் ஒன்று வாங்கி, ஊர் திரும்பும் வழியில் காரின் டிக்கியில் விட்டுவிட்டு ஆற்காட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்தேன். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. திரும்பி வந்து பார்த்தால் கார்க் கால் அங்குலம் மேலே எழும்பி, கழுத்தில் பிசுபிசுவென்று வழிந்திருந்தது. வீட்டில் திறந்தபோது திராட்சை வாசனைக்குப் பதில் கொதித்த புளிரசம் மாதிரி ஒரு வாடை. விலையைச் சொன்னால் வீட்டில் அடிப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்லவில்லை. அதனால் கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ கார்க் துருத்திக்கொண்டு நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜன்னலோரம் வெயில் படும் தட்டில் நிற்கும் பாட்டிலும் வேண்டாம்.

இன்னொன்று. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த அறை? ஐரோப்பாவில் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி அறை அல்ல. குடிப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆம்பூர், தோல் தொழிலில் இருக்கும் வாசகர்: ஒயினில் டேனின், டேனின் என்கிறார்கள். நாங்கள் தோலுக்குப் போடும் டேனினும் அதுவும் ஒன்றா அண்ணா? ஒன்று என்றால் குடலே தோலாகிவிடாதா? அப்படியே நம்ம ஊர் பிரியாணிக்கு எந்த ஒயின் சேரும் என்றும் சொல்லுங்கள்.

தம்பி, இருபது வருடமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த கேள்வி இது.

ஒன்றுதான், அதாவது ஒரே குடும்பம். செடிகள் தங்களைப் பூச்சியும் ஆடும் தின்றுவிடாமல் இருக்கச் சேர்த்துவைக்கும் சரக்கு டேனின். ஆவாரம்பட்டையில் இருக்கிறது, கடுக்காயில் இருக்கிறது, நீங்கள் இப்போது மூட்டையில் வாங்கும் வாட்டில் பட்டைத் தூளில் இருக்கிறது, டீத்தூளில் இருக்கிறது, திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் காம்பிலும் இருக்கிறது. அதன் வேலை எங்கே போனாலும் ஒன்றே ஒன்று: புரதத்தைப் பிடித்துக்கொள்வது. தொட்டியில் போட்டால் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் பிடிக்கிறது, தோல் அழுகாமல் நிற்கிறது. வாயில் போனால் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடிக்கிறது, எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது, நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் வறண்டு இழுக்கிறது. குடல் தோலாகாது, பயப்படாதீர்கள். அப்படி ஆவதாக இருந்தால் நீங்கள் குடித்த டீக்கே எப்போதோ ஆகியிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். லேபிலிருந்து நான் கண்ணாடிக் குழாயில் பட்டைத் தண்ணீரை எடுத்து ரீடிங் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் விரலைத் தொட்டியில் விட்டு நாக்கின் ஓரத்தில் வைத்து, கண்ணை மூடி, த்தூ என்று துப்பிவிட்டு, ‘இன்னும் ரெண்டு நாள் போட்டும்’ என்பார். என் கணக்கும் அதையே சொல்லும், அரை மணி நேரம் கழித்து. பிறகு இத்தாலியில் ஒயின் பாதாள அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெரியவர் பீப்பாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, வாயில் சுழற்றி, தரையில் இருந்த சாக்கடைத் துவாரத்தைப் பார்த்துச் சரியாகத் துப்பிவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொன்னது: ‘இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும்.’ எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

இங்கிலீஷ்காரனுக்கு இந்த இழுப்பைச் சொல்ல நீளமாக ஒரு வார்த்தை தேவைப்படுகிறது. நமக்குத் துவர்ப்பு என்று ஆறு சுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள். வாழைப்பூ சுத்தம் செய்யாமல் சமைத்தால், பிஞ்சு மாவடுவைக் கடித்தால், கடுக்காயை வாயில் ஒதுக்கினால் வருவது எல்லாம் இதே சங்கதி. அது நாக்கின் சுவை அல்ல, தொடு உணர்ச்சி என்று விஞ்ஞானிகள் பலர் சொல்கிறார்கள். எப்படியோ, வடஆற்காட்டில் தோல் தொழில் பார்த்தவனுக்கு ரெட் ஒயினைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்தே இருக்கிறது, வார்த்தைதான் புதுசு.

சிவப்பு ஒயினில் மட்டும் துவர்ப்பு தூக்கலாக இருப்பதற்குக் காரணம், அதைத் தோல் கொட்டையோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள், நிறமும் அதிலிருந்துதான் வருகிறது. வெள்ளை ஒயினுக்குப் பிழிந்த சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிட்டு அப்புறம் நொதிக்க வைக்கிறார்கள். கறுப்புத் திராட்சையிலும் வெள்ளை ஒயின் எடுக்கலாம் என்பது இதனால்தான். ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் மரத்தின் டேனினும் கொஞ்சம் சேரும். வருடம் ஆக ஆகத் துவர்ப்பு மெத்தென்று ஆகிவிடும்.

சரி, பிரியாணி. கறியும் கொழுப்பும் இருந்தால் டேனினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடுகிறது, உங்கள் எச்சிலை விட்டுவிடுகிறது. அதனால்தான் இத்தாலிக்காரன் சாஞ்சியோவேசே திராட்சையில் செய்த கியாந்தி ஒயினை வாட்டிய மாட்டுக்கறியோடு வைக்கிறான். ஆனால் காரம் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் ஏற்றிவிடும். ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பாவில் செய்வது, அவ்வளவு எரியாது. ஆனால் கூட வைக்கும் கத்தரிக்காய்த் தொக்கில் புளியும் மிளகாயும் உட்கார்ந்திருக்கிறதே! அதற்கு லேசான இனிப்பு உள்ள ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நன்றாகப் போகும், மகாராஷ்டிராவில் நாசிக்கில் அது நிறைய வருகிறது. அல்லது ஜில்லென்ற ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். கனமான காபர்னே ரெட் வேண்டாம், பிரியாணியும் கெடும் பாட்டிலும் கெடும். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடிதான். அதற்கு மேலே எதுவும் இல்லை.

காட்பாடி, பொறியியல் மாணவர்: ஒயின் ருசி பார்ப்பவர்கள் ‘ஈரமான கல், பென்சில் சீவல், பூனை மூத்திரம்’ என்றெல்லாம் வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா, உருட்டா?

இருபத்தொன்று ஆகிவிட்டதா முதலில்? ஆகவில்லை என்றால் மூக்கோடு நிறுத்திக்கொள்ளவும். மூக்குக்குச் சட்டம் இல்லை, பயிற்சியும் மூக்கில்தான் ஆரம்பிக்கிறது.

உருட்டு பாதி, உண்மை பாதி. உண்மைப் பாதிக்குக் கெமிஸ்ட்ரி சாட்சி இருக்கிறது. ஷிராஸ் என்ற திராட்சையில் மிளகு வாசனை அடிக்கும். அது கற்பனை அல்ல, ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலியாவில் 2008ல் கண்டுபிடித்தார்கள், நம் மிளகில் இருப்பதும் அதேதான். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியவில்லை. ஆக, பக்கத்தில் இருப்பவன் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வரவில்லை என்றால் நீங்கள் முட்டாள் இல்லை. சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் பச்சைக் குடமிளகாய் வாடை வரும், அதே பொருள்தான் குடமிளகாயிலும். பூனை மூத்திரமும் அந்த ஒயினுக்குத்தான் சொல்வார்கள், திட்டுவதாக நினைக்க வேண்டாம். கொய்யா வாசனை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், இரண்டுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு காலை நேரம் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காசு செலவில்லாமல் ஒரு சுற்று சுற்றுங்கள். மல்லி விதையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகருங்கள். உடனே பூக்கடைக்குப் போய் மல்லிகையை முகருங்கள். அப்புறம் கம்பம் பக்கத்திலிருந்து வரும் பன்னீர்த் திராட்சை ஒரு கொத்து. மூன்றிலும் ஒரே ஆள் ஒளிந்திருப்பது தெரிகிறதா? லினலூல் என்று பெயர். பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான், மஸ்கட் ஒயின் எதைத் திறந்தாலும் இந்த வாசனை முதலில் வந்து நிற்கும். கிராம்பு, பட்டை, நாவல்பழம், கறுத்த பேரீச்சை, வெட்டிவேர், புது மரப்பலகை, எல்லாவற்றையும் மூக்கில் சேர்த்துவையுங்கள். பென்சில் சீவலைத் தேடி அலைய வேண்டாம், உங்கள் மூக்கில் இருக்கிற பெயரைச் சொல்லுங்கள்.

கெட்டுப்போனதற்கும் வாசனை உண்டு. மழைக்காலத்தில் குடோனில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் கெட்ட பாட்டில், டிசிஏ என்ற பொருளின் வேலை. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தால் போதும், ஒயினின் பழவாசனையைச் சாகடித்துவிடும். பாலாற்று மணலில் முதல் மழை விழுந்தால் வருமே ஒரு வாசனை, நமக்கு அது சொர்க்கம், ஒயினில் அதே ஜியோஸ்மின் வந்தால் குறை, பூஞ்சை பிடித்த பழம் என்று அர்த்தம். தோல் வாசனை, குதிரை லாய வாசனை வந்தால் பிரெட் என்கிற ஈஸ்ட்டின் கைவரிசை. அதைக் கொஞ்சமாக இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு. நானும் ரசிப்பேன், முப்பது வருடம் சம்பளம் வாங்கிய வாசனை ஆச்சே.

குடிக்கும் முறை ரொம்ப இல்லை. கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பார்த்து, சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துப் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, துப்பிவிட வேண்டும். ஆமாம், துப்பத்தான். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் ஒரு நாளில் நூறு பாட்டில் பார்ப்பார்கள், விழுங்கினால் பத்தாவதுக்கு மேல் எழுத முடியாது.

குடியாத்தம் வாசகர்: லட்ச ரூபாய் பாட்டில் ஆயிரம் ரூபாய் பாட்டிலைவிட நூறு மடங்கு ருசியா?

இல்லை. பத்து மடங்கும் இல்லை. இரண்டு மடங்கு இருந்தால் அதிர்ஷ்டம்.

பிரான்சில் போர்தோ என்ற ஒயின் ஊரில் ஒயின் படிக்கும் 54 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2001ல் கட்டுரையாக வந்தது. வெள்ளை ஒயினிலேயே மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். படிக்கிற பிள்ளைகள் அதற்குப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே எழுதினார்கள். கண் ஒன்று சொன்னால் மூக்கு தலையாட்டிவிடுகிறது. 1976 மே 24ல் பாரிசில் நடந்தது இன்னும் தமாஷ். ஸ்டீவன் ஸ்பரியர் என்று அங்கே ஒயின் கடை வைத்திருந்த ஓர் ஆங்கிலேயர், பிரான்சின் பெரிய தலைகளை நடுவர்களாக உட்காரவைத்து, லேபிளை மறைத்துப் பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் கலந்து ஊற்றினார். வெள்ளையில் முதலிடம் ஷத்தோ மான்டெலினா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப், இரண்டுமே கலிபோர்னியா. நடுவர்களில் ஓர் அம்மையார் மார்க் போட்ட தாளைத் திருப்பிக் கொடு என்று சண்டையே போட்டாராம்.

அப்புறம் ரூடி குர்னியவான் கதை. இந்தோனேசியாக்காரர், அமெரிக்காவில் கோடீஸ்வரர்களுக்குப் பழைய பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் விற்றவர். 2008ல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் கொடுத்த பாட்டில்களில் பொன்ஸோ பண்ணையின் க்ளோ சான் தெனி என்று போட்டு 1945லிருந்து வருடங்கள் இருந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினை எடுக்கவே ஆரம்பித்தது 1982ல்தான்! பண்ணைக்காரர் லோரான் பொன்ஸோ பிரான்சிலிருந்து விமானம் ஏறி வந்து அந்தப் பாட்டில்களை ஏலத்திலிருந்து எடுக்க வைத்தார். 2012ல் ரூடியின் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தபோது சிங்க்கில் லேபிள் ஊறிக்கொண்டிருந்தது, கட்டுக்கட்டாகப் புது லேபிள், பழைய கார்க், ரப்பர் ஸ்டாம்பு. 2014ல் பத்து வருடம் சிறை. வீடு இருந்த ஊரின் பெயர் ஆர்க்கேடியா. கலிபோர்னியாவில் இருக்கிறது. நம்ம ஆற்காட்டில் மக்கன் பேடாவுக்கு ‘ஒரிஜினல்’ போர்டு வைக்கிறவர்கள் யாரும் இந்த அளவுக்குப் போனதில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

இதில் என்னை உறுத்துவது வேறு. ஏமாந்தவர்கள் பலர் அதைக் குடித்துவிட்டுப் பாராட்டியவர்கள். லேபிளைக் குடித்தார்கள், அவ்வளவுதான்.

ஆரணி வாசகர்: ஒயின் தொழில் செய்திகளை விடாமல் படிக்கிறேன். உலகத்தில் குடிப்பது குறைகிறது, பிரான்சில் ஒயினைக் கொட்டுகிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் இங்கே ஏன் விலை இறங்கவில்லை?

செய்தி சரி. ஓஐவி என்று நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒயின் அமைப்பின் கணக்கில் 2024ல் உலகம் குடித்தது சுமார் 2,140 கோடி லிட்டர், 1961க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. பிரான்ஸ் 2023ல் தேங்கிய ஒயினை ஒழிக்க 20 கோடி யூரோ ஒதுக்கியது. ஆனால் சாக்கடையில் கொட்டவில்லை, காய்ச்சி ஆல்கஹாலாக்கி கைகழுவும் மருந்துக்கும் சென்டுக்கும் அனுப்பினார்கள். போர்தோவில் கொடியைப் பிடுங்கிப் போடுவதற்கும் பணம் கொடுத்தார்கள். இளசுகள் குறைவாகக் குடிக்கிறார்கள், வெயிலும் பனியும் விளைச்சலை அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

இங்கே இறங்காததற்குக் காரணம் திராட்சை இல்லை, வரி. இறக்குமதி ஒயினுக்கு நாம் ரொம்ப காலமாகப் போட்டுவந்த சுங்கம் 150 சதவீதம். நூறு ரூபாய் பாட்டில் துறைமுகத்தைத் தாண்டும்போதே இருநூற்றைம்பது. அதற்கு மேல் மது ஜிஎஸ்டிக்குள் வராது, மாநில வரி தனி, அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மாதிரி. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஐந்து அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 150ஐ 100 ஆக்கி, பத்து வருடத்தில் 50க்குக் கொண்டுவருவதாகப் பேச்சு. பதினைந்து டாலருக்கு மேல் என்றால் உடனே 75, போகப்போக 25. கவனித்தீர்களா, மலிவு பாட்டிலுக்குச் சலுகை இல்லை. நாசிக் ஊர் ஒயின்காரர்கள் பிழைக்க வேண்டுமே.

செய்தி படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வருட அறுவடை நூற்றாண்டிலேயே சிறந்தது’ என்று எழுதியிருந்தால் அதைச் சொன்னவர் அதை விற்பவரா என்று பாருங்கள். வரிச் செய்தியை மட்டும் வரி விடாமல் படியுங்கள், அதுதான் உண்மையில் ஊர்களைப் புரட்டிப்போடுகிறது. சீனா 2020 கடைசியில் ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி போட ஆரம்பித்து 218 சதவீதம் வரைக்கும் ஏற்றியது, 2024 மார்ச்சில்தான் எடுத்தது. இடையில் அங்கே தொட்டி தொட்டியாகத் தேங்கி நின்றது. கழிவுநீர் வழக்கில் ஒரு உத்தரவில் தோல் தொட்டிகள் காலியாகி நின்றதைப் பார்த்த வாணியம்பாடிக்காரனுக்கு இது புரியும்.

ஜமுனாமரத்தூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் வாசகர்: ஜவ்வாது மலையில் ஒயின் திராட்சை போடலாமா?

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அவசரப்படாதீர்கள். ஐரோப்பாவில் குளிரில் கொடி தூங்கும், நம் பக்கம் தூங்காது. அதனால் நாசிக்கில் ஏப்ரலில் ஒரு தடவை, செப்டம்பர் அக்டோபரில் ஒரு தடவை என்று கொடியை வெட்டி இரண்டு கவாத்து செய்து ஏமாற்றி, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். அங்கே அந்த மாதங்களில் மழை இல்லை. உங்களுக்கு இரண்டாவது கவாத்து முடிந்து பூ எடுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து உட்காரும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தவிர, பழத்தை யாருக்கு விற்பீர்கள்? வாங்க ஆலை வேண்டும், ஆலைக்கு உரிமம் வேண்டும். நாசிக்கில் சூலா என்ற ஒயின் கம்பெனி 2000ல் முதல் ஒயினை எடுத்து, பங்குச்சந்தைக்கு வர 2022 டிசம்பர் ஆனது. சாமையும் தேனும் இருக்கட்டும் இப்போதைக்கு.

தோட்டப்பாளையம் வாசகி: எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சையில் ஒயின் போடுவார். நானும் போட ஆசைப்படுகிறேன். அளவு சொல்வீர்களா?

அம்மா, அளவு சொல்ல மாட்டேன். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் மாநிலச் சட்டப்படி குற்றம், பாட்டி போட்டாலும் குற்றம்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஊறிக்கொண்டிருந்ததை அவசரப்பட்டு பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, சமையலறைப் பரணில் வைத்துவிட்டார்கள். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விட்டுக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது, தெருவில் எல்லோரும் சிலிண்டர் என்று நினைத்து வெளியே ஓடிவந்தார்கள். காலையில் பார்த்தால் கூரையெல்லாம் ஊதா, மேலே குத்தி நின்ற கண்ணாடிச் சில் ஒன்றை எடுக்க ஏணி வைக்க வேண்டியிருந்தது.

திராட்சை ரசமாகவே வையுங்கள். தோலோடு வேகவைத்து வடிகட்டி, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே சூடாக்கி பாட்டிலில் அடைத்தால் நொதிக்காது. இந்த யோசனையே சர்ச்சிலிருந்து வந்ததுதான். 1869ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர், திருவிருந்துக்குப் போதையில்லாத சாறு வேண்டும் என்று இப்படிச் செய்துபார்த்தார். கொஞ்சம் கிராம்பு போட்டால் பாட்டி வாசனை வந்துவிடும்.

வேலூர், கோட்டை அருகில் காலை நடைபோகும் நண்பர்கள்: தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

1991ல் அமெரிக்க டிவியில் ஒரு நிகழ்ச்சி கிளப்பிவிட்டது, அதற்குப் பிறகு அங்கே ரெட் ஒயின் விற்பனை எகிறியது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், இவ்வளவு குடித்தால் பத்திரம் என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்றுவிட்டது. புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் மது 1988லிருந்து முதல் வரிசையில் இருக்கிறது. ருசிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மருந்து என்று சொல்லாதீர்கள், மருந்துக்கு நடக்கிற தூரத்தில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள்.

வந்தவாசி வாசகர்: நமக்குச் சம்பந்தமே இல்லாத வெள்ளைக்காரன் பானத்துக்கு ஒரு பத்தி வீணா?

உங்களுக்கு மூன்று மணி நேர பஸ் தூரத்துக்குள், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது யவனர் ஒயின் கொண்டுவந்த ஆம்போரா ஜாடி ஓடுகள் கிடைத்தன. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று நல்ல தமிழ்ச் சொல்லே நம்மிடம் இருக்கிறது. சம்பந்தம் ரொம்பப் பழசு, இடையில் விட்டுப்போனதுதான். அப்புறம், 1760ல் உங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். ஜெயித்திருந்தால் வந்தவாசியும் புதுச்சேரி மாதிரி ஆகி, நீங்கள் எனக்கு பாட்டில் வாங்கி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

சேண்பாக்கம் வாசகர்: திறந்த பாட்டிலில் பாதி மிச்சமானால்?

கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள், மூன்று நாள் தாங்கும், வெள்ளை இன்னும் ஒரு நாள் கூட. அதற்கு மேல் காடி வாசனை வர ஆரம்பிக்கும். போன மாதம் அப்படி ஒரு கால் பாட்டில் ரெட் என்னிடம் நின்றது. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது, வீட்டம்மா பால்காரரிடம் பேசப் போயிருந்தார். தொக்கில் புளியைக் குறைத்து இரண்டு கரண்டி ஊற்றிவிட்டேன். ‘இன்னிக்கு நல்லா வந்திருக்கு’ என்று அவரே இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.